வினைமுதல் இல்லாத தீமை: சிறுவர்க்கான சீர்திருத்தவாதி வரலாறுகளின் மொழியமைப்பு

இந்திய மொழிகளில் சிறுவர்க்கென எழுதப்படும் நூல்களுள் வாழ்க்கை வரலாற்றுக்குத் தனியிடம் உண்டு. 1957இல் தோன்றிய நேஷனல் புக் டிரஸ்டும் சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்டும் வெளியிட்ட நூல்கள், 1967 முதல் வெளிவரத் தொடங்கிய அமர் சித்திரக் கதை வரிசை, 1961இல் நிறுவப்பட்ட என்.சி.இ.ஆர்.டி.யின் பாடநூல்கள், மாநில அரசுகளின் பாடநூல்கள் ஆகியவற்றின் வாயிலாகவே ராம்மோகன் ராய், ஜோதிராவ் புலே, சாவித்திரிபாய் புலே, அய்யங்காளி, அம்பேத்கர், காந்தி, வினோபா முதலியோர் பள்ளிக் குழந்தைகளுக்கு அறிமுகமாகின்றனர். இவர்களுள் பெரும்பாலோரின் வரலாறு தமிழ்க் குழந்தைக்கு மொழிபெயர்ப்பின் வழியாகவே வந்து சேர்கிறது. அதுவும் ஆங்கிலத்தை இடைநிலையாகக் கொண்ட மொழிபெயர்ப்பாகவே பெரிதும் அமைகிறது. ஆகவே இவ்வரலாறுகளின் மொழியமைப்பு கல்வியாளர்க்கு மட்டுமன்றி மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் உரிய ஆய்வுப்பொருளாகிறது.

இத்தகைய நூல்களை மதிப்பிடுவோர் இரண்டு வினாக்களையே பொதுவாக எழுப்புகின்றனர். செய்திகள் சரியானவையா என்பது ஒன்று; நடை குழந்தையின் வயதுக்கு ஏற்ற எளிமை உடையதா என்பது மற்றொன்று. இவற்றோடு மூன்றாவது வினா ஒன்றும் எழுப்பப்பட வேண்டும். இவ்வரலாறுகளின் வாக்கியங்களில் எவர் எழுவாயாக நிற்கின்றனர், எவர் செயப்படுபொருளாக நிற்கின்றனர், எவர் வாக்கியத்தில் இடம்பெறாமலே போகின்றனர் என்பதே அவ்வினா. இவ்வகையில் நோக்கும்போது, சிறுவர் பாடங்களில் தீமைக்கு வினைமுதல் இல்லை என்பதும், நன்மைக்கு ஒரே ஒரு வினைமுதலே உண்டு என்பதும் புலனாகின்றன. இவ்விரண்டும் சேர்ந்து, சீர்திருத்தவாதிகள் தம் எழுத்தில் பேணிக்காத்த ஒன்றை, அதாவது எதிர்த்தரப்போடு நிகழ்த்திய உரையாடலை, இல்லாமற் செய்துவிடுகின்றன.

பாட வாக்கியத்தின் அமைப்பு

பாடநூல் நடையின் பொதுவான வகைமையைக் காட்டும் பொருட்டுக் கீழ்க்காணும் வாக்கியங்கள் இங்கு அமைத்துக்கொள்ளப்பட்டுள்ளன. ‘அக்காலத்தில் தீண்டாமை கடைப்பிடிக்கப்பட்டது. பெண்களுக்குக் கல்வி மறுக்கப்பட்டது. பள்ளிக்குச் செல்லும் வழியில் அவர்மீது கல்லும் சாணமும் வீசப்பட்டன. அவர் சமூகக் கொடுமைகளை ஒழித்தார். தாழ்த்தப்பட்ட மக்களை உயர்த்தினார். மக்களிடையே விழிப்புணர்வை ஏற்படுத்தினார்.’ எந்த மாநிலப் பாடநூலைப் படித்தவர்க்கும் இவை பழகிய வாக்கியங்களே.

முதல் மூன்று வாக்கியங்களும் செயப்பாட்டுவினை கொண்டவை. செயப்பாட்டு வாக்கியத்தில் வினைமுதல் மூன்றாம் வேற்றுமை ஏற்று ‘இன்னாரால்’ என வருதல் வேண்டும். இங்கு மூன்றிலும் அது இல்லை. பின்வரும் மூன்றும் செய்வினை கொண்டவை. மூன்றுக்கும் எழுவாய் சீர்திருத்தவாதி ஒருவரே. மக்களோ ஓரிடத்தில் இரண்டாம் வேற்றுமை ஏற்றுச் செயப்படுபொருளாகின்றனர். மற்றோரிடத்தில் ‘மக்களிடையே’ என வினை நிகழும் களமாகின்றனர். ஒரு முழுப்பாடத்திலும் அவர்கள் தாமே ஒரு வினையைச் செய்பவராக வருதல் அரிது.

செயப்பாட்டுவினையே குற்றமுடையது என்று கொள்ளுதல் பொருந்தாது. ‘தாழ்ந்த’ என்னும் சொல்லுக்கு மாற்றாகத் ‘தாழ்த்தப்பட்ட’ என்னும் சொல் நிலைபெற்றதன் காரணமே, தாழ்த்தியவர் உளர் என்பதை அது உணர்த்துகிறது என்பதுதான். நசுக்கப்பட்ட என்னும் பொருளுடைய ‘தலித்’ என்னும் சொல்லும் அத்தகையதே. இச்சொற்களில் வினைமுதல் வெளிப்படையாக இல்லாவிடினும், அதனைத் தேடுமாறு சொல் தூண்டுகிறது. பாட வாக்கியத்தின் நிலை வேறு. ‘அக்காலத்தில்’ என்னும் காலப்பெயர் அங்கு வினைமுதலின் இடத்தை நிரப்பிவிடுகிறது. கொடுமையைச் செய்தது ஒரு காலம் என்றாகிவிட, அக்காலம் கழிந்தவுடன் கொடுமையும் கழிந்தது என்ற முடிவு தானே பெறப்படுகிறது.

இவ்வமைப்பு தமிழின் இயல்பும் அன்று. எழுவாய் தோன்றாமல் நிற்கும் ‘கல்லெறிந்தார்கள்’ என்னும் செய்வினை தமிழ்ப் பேச்சில் இயல்பாக வழங்குவது. அதில் பலர்பால் விகுதியேனும் செய்தவர் உளர் என்பதைக் காட்டிவிடும். ‘வீசப்பட்டன’ என்பதில் விகுதி கல்லையும் சாணத்தையும் சார்ந்தது. மனிதரின் சுவடே அதில் இல்லை. மராத்தியில் நிலை இன்னும் தெளிவானது. அம்மொழியில் இறந்தகாலச் செயப்படுபொருள் குன்றாவினை வரும்போது வினைமுதல் ‘-னே’, ‘-னீ’ என்னும் உருபை ஏற்கும். வினை செயப்படுபொருளோடு இயையும். செய்தவரைத் தனி உருபால் சுட்டும் அம்மொழியிலிருந்து புறப்பட்ட செய்தி, ஆங்கிலத்தின் வழியாகத் தமிழுக்கு வரும்போது செய்தவரை இழந்துவிடக்கூடும். மூலத்தோடு ஒப்பிட்டு நோக்கும் வாய்ப்புள்ள மொழிபெயர்ப்பாளர் இவ்விழப்பைத் தவிர்த்தல் இயலும்.

ராம்மோகன் ராய் செய்த மொழிபெயர்ப்பு

வினைமுதல் எவர் என்னும் வினா இலக்கண நுணுக்கம் மட்டுமே என்று கருதுவோர்க்கு ராம்மோகன் ராயின் எழுத்தே விடையாகும். கணவனின் சிதையில் மனைவி எரிக்கப்படும் வழக்கத்தைக் கண்டித்து அவர் 1818இல் வங்காளியில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். அது பிரவர்த்தகன், நிவர்த்தகன் என்னும் இருவர் உரையாடும் வடிவில் அமைந்தது. வழக்கத்தை ஆதரிப்பவன் முன்னவன், மறுப்பவன் பின்னவன். எதிர்த்தரப்பின் வாதங்களை அவர் ஒதுக்கவில்லை. அவற்றை எதிர்த்தரப்பின் வாயாலேயே சொல்லவைத்து, பின்னரே மறுத்தார்.

அந்நூலின் வங்காளித் தலைப்பில் ‘சஹமரணம்’ என்னும் சொல் உள்ளது. உடன் இறத்தல் என்பது அதன் பொருள். அதில் இறப்பவள் மனைவியே, கொல்பவர் எவரும் இல்லை. அதே ஆண்டில் ராய் தாமே அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது, விதவைகளை உயிரோடு எரிக்கும் வழக்கம் என்னும் பொருள்படத் தலைப்பை மாற்றினார். தன்வினை பிறவினையாயிற்று, எரிப்பவர் எவர் என்னும் வினா தலைப்பிலேயே எழுந்தது. நூலின் முக்கிய வாதங்களுள் ஒன்றும் இதுவே. சாத்திரம் கூறுவதாகச் சொல்லப்படும் தன்விருப்பம் ஒருபுறம் இருக்க, நடைமுறையில் பெண்ணைச் சிதையோடு கட்டி, மூங்கிலால் அழுத்தி, எழ விடாமல் செய்கின்றனர். ஆகவே அது கொலை என்பது நிவர்த்தகனின் வாதம். வினைமுதல் மனைவியா, சுற்றி நிற்பவரா என்பதைப் பற்றியதே அவ்விவாதம்.

தமிழில் இவ்வழக்கத்தைக் குறிக்கும் சொல் ‘உடன்கட்டை ஏறுதல்’ என்பது. ஏறுபவள் அவள், அவளே வினைமுதல். ‘ராம்மோகன் ராய் உடன்கட்டை ஏறும் வழக்கத்தை ஒழித்தார்’ என்னும் பாட வாக்கியம் ராயின் பெயரைப் போற்றும்போதே, அவர் எதிர்த்த பிரவர்த்தகனின் இலக்கணத்தை ஏற்றுக்கொண்டுவிடுகிறது. இச்சொல் வழக்கில் ஊன்றியது. அதனை முற்றிலும் விலக்கவேண்டும் என்பது இல்லை. ஆனால் ‘விதவையைச் சிதையில் ஏற்றி எரித்தல்’ என்னும் தொடரையும் பாடம் ஒருமுறை பயன்படுத்தி, இவ்விரு தொடர்களுக்கும் இடையிலான வேறுபாட்டை மாணவர் காணுமாறு செய்தால், ராயின் பணி இன்னதென்பது ஒரு பக்க விளக்கத்தைவிட நன்கு புலப்படும்.

முடிந்த வினையும் முடியாத வினையும்

மேற்கூறிய வாக்கியத்தின் பயனிலையும் ஆராயத்தக்கது. ‘ஒழித்தார்’ என்னும் வினைமுற்று செயல் நிறைவுற்றதைக் குறிக்கிறது. வரலாறு இவ்வளவு நேராக நடந்ததில்லை. வில்லியம் பெண்டிங்க் தடைச்சட்டத்தைப் பிறப்பித்தது 1829 டிசம்பர் 4ஆம் நாள். சட்டத்தின் வழியே உடனடியாகத் தடை செய்வதில் ராய்க்கே தயக்கம் இருந்தது என்பதைப் பெண்டிங்கின் குறிப்பு தெரிவிக்கிறது. தடை வந்தபின் அவர் அதனை உறுதியாக ஆதரித்தார். ராதாகாந்த தேவ் முதலியோர் 1830இல் தர்ம சபையை அமைத்து லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு செய்தனர். 1832இல் அது தள்ளுபடி ஆயிற்று. இவற்றுக்கெல்லாம் நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1987 செப்டம்பரில் ராஜஸ்தானின் தியோராலா சிற்றூரில் ஓர் இளம்பெண் கணவனின் சிதையில் எரிந்தபின், அதே ஆண்டில் நாடாளுமன்றம் மீண்டும் ஒரு சதி தடுப்புச் சட்டத்தை இயற்ற வேண்டியிருந்தது. 1829இல் ஒழிந்ததாகப் பாடத்தில் படித்த மாணவர்க்கு 1987ஆம் ஆண்டுச் சட்டம் ஏன் வந்தது என்பதை விளக்கப் பாடத்தின் வினைச்சொல் இடந்தருவதில்லை.

தீண்டாமை பற்றியும் இவ்வாறே கூறலாம். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு அதனை ஒழித்தது. 1955இல் அதற்கெனத் தனிச்சட்டம் வேண்டியிருந்தது. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வேண்டியிருந்தது. ஒரே வினை மும்முறை செய்யப்படுவது, அது இன்னும் முடியவில்லை என்பதற்குச் சான்று. ‘ஒழிக்கப் பாடுபட்டார்’, ‘ஒழிக்க வழிவகுத்தார்’ என்னும் தொடர்கள் இந்நிலைக்கு ஓரளவு பொருந்துவன. இவற்றைக் கையாளுதல் சீர்திருத்தவாதியின் புகழைக் குறைப்பதாகாது. எஞ்சிய பணிக்கு மாணவரை உரியவராக்குவதாகும்.

எண்ணிக்கை பற்றிய செய்தி ஒன்றும் இங்குக் கருதத்தக்கது. விதவை மறுமணச் சட்டம் 1856இல் நிறைவேறியது. அதனை வேண்டி ஈசுவர சந்திர வித்தியாசாகர் அளித்த மனுவில் கையொப்பமிட்டோர் ஆயிரம் பேருக்கும் குறைவு. எதிர்த்து ராதாகாந்த தேவ் தரப்பினர் அளித்த மனுவில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டிருந்தனர். ‘வித்தியாசாகரின் முயற்சியால் சட்டம் வந்தது’ என்று எழுதும்போது இம்முப்பதாயிரம் பேரும் மறைகின்றனர். அவரோடு கையொப்பமிட்ட சில நூறு பேரும் மறைகின்றனர். ஊரில் பெரும்பாலோர் ஒன்றைச் சரியென்று கூறும்போது சிலர் மட்டும் தவறென்று கூறுவது எத்தகைய செயல் என்பதே மாணவர் இதிலிருந்து அறியவேண்டியது. எண்கள் நீங்கியவுடன் அதுவும் நீங்கிவிடுகிறது.

கல்லெறிந்தவரும் கடிதம் எழுதியவரும்

ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் 1848இல் புணேயில் பெண்களுக்கெனப் பள்ளி தொடங்கினர். இவ்வரலாற்றைக் கூறும் பாடங்களில் சாவித்திரிபாய்மீது சாணம் வீசப்பட்டதும், மாற்றுப் புடவை ஒன்றை அவர் உடன் எடுத்துச் சென்றதும் தவறாமல் இடம்பெறுகின்றன. வீசியவர் இன்னாரென்று தெரியாத இந்நிகழ்ச்சி பெறும் இடத்தை, எதிர்த்தவர் இன்னாரென்று நன்கு தெரியும் மற்றொரு நிகழ்ச்சி பெறுவதில்லை.

1856இல் உடல்நலம் குன்றித் தாய்வீட்டில் தங்கியிருந்த சாவித்திரிபாய் கணவருக்கு எழுதிய கடிதம் கிடைத்துள்ளது. தாழ்த்தப்பட்டோர்க்காக அவ்விருவரும் செய்யும் பணியைத் தம் உடன்பிறந்தவர் இழித்துரைத்ததையும், தாம் அவருக்கு மறுமொழி கூறியதையும், அதனைக் கேட்டு அவர் மனம் வருந்தியதையும் அதில் அவர் விவரிக்கிறார். தாம் இல்லாமையால் பள்ளியின் வேலைச்சுமை உடன் பணியாற்றும் பாத்திமாவின்மேல் விழுமே என்ற கவலையும் அக்கடிதத்தில் உள்ளது. எதிர்த்தவர் எங்கோ இருந்த பகைவர் அல்லர். ஒரே வீட்டில் பிறந்தவர். அவர் மாறவும் செய்தார். சமூகச் சீர்திருத்தம் என்பது வீட்டுக்குள் உறவினரோடு பேசி நடத்தவேண்டிய ஒன்று என்பதைக் காட்ட இதனினும் சிறந்த பாடம் கிடைத்தல் அரிது.

இத்தகைய உரையாடலைத் தமிழாக்குவோர் ஒரு சிக்கலை எதிர்கொள்வர். ‘பாவு’ என்னும் மராத்திச் சொல் மூத்தவரையும் இளையவரையும் குறிக்கும். தமிழில் அண்ணன், தம்பி என்னும் இரண்டுள் ஒன்றைத் தேர்தல் வேண்டும். தேர்ந்தபின், ‘நீங்கள்’ என்று பேசுவதா, ‘நீ’ என்று பேசுவதா என்பதும் முடிவாகிவிடும். அண்ணனுக்கு மறுமொழி கூறும் தங்கையின் துணிவு ஒருவகை. தம்பியைத் திருத்தும் அக்காளின் உரிமை வேறுவகை. ‘சகோதரர்’ என்னும் பொதுச்சொல்லால் இதனைக் கடந்து செல்வது எளிது. ஆனால் உரையாடலின் சூடு அதனால் தணிந்துவிடும்.

புலேயின் பள்ளியில் பயின்ற மாங் சாதிச் சிறுமி முக்தாபாய் எழுதிய கட்டுரை ஒன்று 1855இல் ‘ஞானோதய’ இதழில் வெளியாயிற்று. மாங், மகார் மக்களின் துயரத்தை விவரிக்கும் அக்கட்டுரை, தங்கள் சமயம் எது என்று கடவுளையே வினவுகிறது; கூரையின்றிப் பிள்ளை பெறும் பெண்களின் நிலையைச் சொல்கிறது; தம் மக்களைக் கல்வி கற்குமாறு அழைக்கிறது. ‘புலே தம்பதியர் தாழ்த்தப்பட்ட குழந்தைகளுக்குக் கல்வி அளித்தனர்’ என்னும் வாக்கியத்தில் நான்காம் வேற்றுமை ஏற்று நிற்கும் குழந்தைகளுள் ஒருத்தி அவள். அவள் கல்வியைப் பெற்றுக்கொண்டதோடு நில்லாது எழுதினாள், அச்சில் வந்தாள். சிறுவர் நூலில் சிறுமி ஒருத்தி எழுவாயாவதற்கு இதனைவிடத் தக்க சான்று வேண்டுவதில்லை.

புலே 1873இல் வெளியிட்ட ‘குலாம்கிரி’யும் ஜோதிராவ், தோண்டிபா என்னும் இருவர் உரையாடும் வடிவில் அமைந்ததே. அதே ஆண்டில் அவர் தொடங்கிய ‘சத்யசோதக் சமாஜ்’ என்னும் பெயரைத் தமிழாக்குவதில் ஒரு நுட்பம் உண்டு. மராத்தியில் ‘சோதக்’ என்பது தேடுபவரைக் குறிக்கும். காந்தியின் தன்வரலாற்றுக்குத் தமிழில் ‘சத்திய சோதனை’ என்னும் பெயர் நிலைத்துவிட்டமையால், ‘சத்திய சோதக சமாஜம்’ என்று ஒலிபெயர்ப்பின் தமிழ் மாணவர் அதனைச் சோதித்தல் என்றே பொருள் கொள்வர். ‘உண்மை தேடுவோர் சங்கம்’ என்பதே பொருளைத் தெளிவாகத் தருகிறது. தேடுவோர் எனப் பன்மையில் அமைவதால், அச்சங்கம் ஒருவரால் ஆனதன்று என்பதையும் அது காட்டுகிறது.

மரியாதை விகுதியின் பங்கு

தமிழ் வினைமுற்று திணை, பால், எண், இடம் ஆகியவற்றைக் காட்டும் விகுதி ஏற்பது. ஆர் விகுதி மரியாதைப் பொருளிலும் வருகிறது. மலையாள வினைமுற்றில் இவ்விகுதிகள் இல்லை. திருவிதாங்கூரில் புலையர் குழந்தைகளின் கல்விக்காகப் போராடிய அய்யங்காளியும், ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அவர் அழைத்துச் சென்ற சிறுமி பஞ்சமியும் மலையாளத்தில் ஒரே வடிவிலான வினையைப் பெறுகின்றனர். தமிழில் அய்யங்காளி ‘சென்றார்’, பஞ்சமி ‘சென்றாள்’. மூலத்தில் இல்லாத உயர்வு தாழ்வு மொழிபெயர்ப்பில் நுழைந்துவிடுகிறது.

குழந்தையை ‘சென்றாள்’ என்பது தமிழ் மரபே. ஆயினும் சீர்திருத்தவாதியின் குழந்தைப் பருவத்தைச் சொல்லும்போது இம்மரபு கைவிடப்படுகிறது. ‘பத்து வயதில் பீமராவ் தாகத்தால் வாடினார்’ என்று எழுதுவதே வழக்கம். குழந்தைகளுள் ஒருவர் ‘ஆர்’ பெறுகிறார், மற்றவர் பெறுவதில்லை. பெரியவராகப் போகிறவர் குழந்தையாக இருந்ததே இல்லை என்ற எண்ணத்தை இது வளர்க்கிறது. குழந்தைப் பருவம் முழுவதற்கும் ‘பீமன் வாடினான்’ எனவும், வளர்ந்தபின் ‘அவர்’ எனவும் எழுதினால் மரியாதைக்குறைவு நேராது. படிக்கும் குழந்தைக்கோ, தன்னைப் போன்ற ஒருவன் அங்கு நிற்பது தெரியும்.

தமிழோடு நேரடித் தொடர்புடைய வைக்கம் போராட்டத்தையும் இங்குக் குறிப்பிடலாம். 1924 மார்ச் 30ஆம் நாள் தடைசெய்யப்பட்ட சாலையில் நடந்து முதலில் கைதானவர் மூவர்: புலையரான குஞ்ஞாப்பி, ஈழவரான பாகுலேயன், நாயரான கோவிந்தப் பணிக்கர். டி.கே. மாதவன், கே.பி. கேசவ மேனன், ஜார்ஜ் ஜோசப் முதலியோர் முன்னின்ற அப்போராட்டத்தில் ஈ.வெ. ராமசாமி ஏப்ரலில் வந்து சேர்ந்து இருமுறை சிறை சென்றார், நாகம்மையும் பங்கேற்றார். 1925இல் மூன்று சாலைகள் திறக்கப்பட்டன. எஞ்சிய கிழக்குச் சாலை 1936ஆம் ஆண்டுக் கோயில் நுழைவுப் பிரகடனத்துக்குப் பின்னரே திறந்தது. ‘வைக்கம் வீரர்’ என்னும் பட்டம் உரியவர்க்கு உரியதே. அப்பட்டம் ஒருமையில் அமைந்தது என்பதையும், முதலில் நடந்த மூவர் பெயரும் அதன் அருகில் வரவேண்டும் என்பதையும் தமிழ்ப் பாடம் மறத்தலாகாது.

பொதுப்பெயரும் நிகழ்ச்சியும்

தீண்டாமை என்பதைப் பண்புப்பெயராகக் கூறாமல் நிகழ்ச்சியாகக் கூறுவது எவ்வாறு என்பதற்கு அம்பேத்கரின் எழுத்தே வழிகாட்டுகிறது. அவர் ஆங்கிலத்தில் எழுதி, மறைவுக்குப் பின் 1990இல் தனிநூலாக வெளிவந்த ‘வெயிட்டிங் ஃபார் எ விசா’ 1901ஆம் ஆண்டுப் பயணம் ஒன்றோடு தொடங்குகிறது. தந்தையைக் காணச் சென்ற சிறுவர்கள் மசூர் நிலையத்தில் இறங்குகின்றனர். அவர்கள் மகார்கள் என்றறிந்ததும் நிலைய அதிகாரியின் முகம் மாறுகிறது. பின்னர் அவரே வண்டிக்கு ஏற்பாடு செய்ய முயல்கிறார். வண்டிக்காரர்கள் மறுக்கின்றனர். இரட்டைக் கூலி பெற்றுக்கொண்டு, சிறுவர்களே வண்டியை ஓட்டவேண்டும் என்ற நிபந்தனையோடு ஒருவர் இசைகிறார். இரவில் சுங்கச்சாவடியில் தண்ணீர் பெறுவதற்காகச் சிறுவன் பீமன் தன்னை முஸ்லிம் என்று காட்டிக்கொள்ள உருதுவில் பேசுகிறான். தண்ணீர் கிடைக்கவில்லை.

இந்நிகழ்ச்சியில் ஒவ்வொரு வினைக்கும் வினைமுதல் உண்டு. அவர்கள் அனைவரும் ஒரே தன்மையினரும் அல்லர். தயங்கி உதவ முயன்றவரும், மறுத்தவரும், கூலிக்காக இசைந்தவரும் வேறு வேறாக நிற்கின்றனர். ஒரு குழந்தை தண்ணீருக்காக மொழியை மாற்றிப் பேசியது என்பதைவிடத் தீண்டாமைக்கு வேறு விளக்கம் தேவையில்லை. 2006இல் என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட ஆறாம் வகுப்புச் சமூக அரசியல் பாடநூல் இப்பயணத்தை எடுத்துக்கொண்டது பொருத்தமான தேர்வாகும்.

2011இல் வெளிவந்த ‘பீமாயனா’ என்னும் சித்திர நூலும் இப்பகுதியைக் கையாள்கிறது. ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ். ஆனந்தும் எழுதிய அந்நூலுக்குப் பர்தான் கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் படம் வரைந்தனர். இன்சொல் பேசுவோரின் பேச்சு பறவை வடிவிலும், கடுஞ்சொல் பேசுவோரின் பேச்சு தேளின் கொடுக்கு வடிவிலும் அதில் வரையப்பட்டுள்ளது. சொல்லுக்குச் சொன்னவர் உண்டு என்பதை ஓவியம் விடாது காட்டுகிறது. பாடநூலின் உரைநடை இழந்ததை ஓவியம் மீட்டது எனலாம். ஆயினும் இம்முறையில் ஒரு குறையும் உண்டு. பேச்சின் வடிவம் பேசுவோரை முன்கூட்டியே நல்லவர், தீயவர் எனப் பிரித்துவிடுவதால், மசூர் நிலைய அதிகாரி போன்ற இடைப்பட்டவர்க்கு அதில் தக்க வடிவம் அமைவது கடினம். அம்பேத்கரின் உரைநடையில் அவர்க்கு இடம் இருக்கிறது.

1936இல் லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல் மாநாட்டில் நிகழ்த்தவிருந்து நிகழ்த்தப்படாமற்போன உரையை அம்பேத்கர் தாமே நூலாக வெளியிட்டார். காந்தி அதனை விமர்சித்தார். 1937ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் அவ்விமர்சனத்தையும் தம் மறுமொழியையும் அம்பேத்கர் சேர்த்தே அச்சிட்டார். பாடநூல்களிலோ காந்தி ஒரு பாடத்திலும் அம்பேத்கர் வேறொரு பாடத்திலும் வாழ்கின்றனர், இருவரும் சந்திப்பதில்லை.

சமாதானத்தின் வினைச்சொற்கள்

சமாதானம் செய்தோர் பற்றிய பாடங்களில் ‘அமைதியை நிலைநாட்டினார்’ என்னும் தொடரே பெருவழக்கு. 1947 ஆகஸ்டில் கல்கத்தாவின் பேலியாகாட்டாவில், ஹைதரி மன்சில் என்னும் வீட்டில் காந்தியும் சுஹ்ராவர்தியும் ஒன்றாகத் தங்கினர். விடுதலை நாள் அமைதியாகக் கழிந்தது. ஆகஸ்ட் 31 இரவு கூட்டம் ஒன்று அவ்வீட்டினுள்ளேயே புகுந்தது. நகரில் மீண்டும் கொலைகள் நிகழ்ந்தன. செப்டம்பர் 1இல் காந்தி உண்ணாநோன்பு தொடங்கினார். இருதரப்புத் தலைவர்களும் எழுத்தில் உறுதி அளித்தபின் 4ஆம் நாள் முடித்தார். அமைதி ஒருமுறை வந்து, உடைந்து, மீண்டும் பலர் கையொப்பத்தால் வந்தது. ‘நிலைநாட்டினார்’ என்னும் சொல்லில் உடைந்ததும் இல்லை, கையொப்பமிட்டவரும் இல்லை.

1951 ஏப்ரல் 18இல் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் தாழ்த்தப்பட்ட மக்களின் நாற்பது குடும்பத்தினர் வினோபாவிடம் எண்பது ஏக்கர் நிலம் வேண்டும் என்றனர். ஊரில் எவரேனும் தருவாரா என்று வினோபா வினவ, ராமச்சந்திர ரெட்டி நூறு ஏக்கர் தர முன்வந்தார். கேட்டவர், இடைநின்றவர், தந்தவர் என மூவர் இதில் உளர். ‘வினோபா ஏழைகளுக்கு நிலம் பெற்றுத் தந்தார்’ என்னும் வாக்கியத்தில் கேட்டவரின் வினை இல்லை. தமிழில் ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களும் கேட்பவரின் தகுதிக்கேற்ப வேறுபடும் எனத் தொல்காப்பியர் வரையறுத்துள்ளார். தானம் என்பதைச் சமமாகப் பகிர்தல் என்றே வினோபா விளக்கினார். ‘பூதான’த்தை ‘நிலக்கொடை’ என்று பெயர்த்தால் கேட்டவர் தாழ்ந்தவராகிவிடுவர். ‘நிலப்பகிர்வு’ என்பது வினோபாவின் கருத்துக்கு நெருங்கியது.

ஒரு மறுப்பும் விடையும்

கொடுமை செய்தவரைச் சுட்டினால் வகுப்பறையில் பகை வளரும், ஆகவே வினைமுதலை விடுத்து எழுதுவதே சமாதானத்துக்கு உகந்தது என ஒரு மறுப்பு எழலாம். வெவ்வேறு சாதி, சமயக் குழந்தைகள் ஒரே பலகையில் அமரும் வகுப்பில் இக்கவலை பொருளற்றதன்று.

ஆனால் மகாடு நிகழ்ச்சிகள் வேறொன்றைக் காட்டுகின்றன. பொதுநீர்நிலைகளை அனைவர்க்கும் திறக்கவேண்டும் என்னும் தீர்மானத்தை 1923இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்தார். மகாடு நகராட்சி 1924இல் அதனை ஏற்றது. நகராட்சித் தலைவரான சுரேந்திரநாத் டிப்னிஸ் போராட்டத்துக்குத் துணைநின்றார். 1927 மார்ச் 20இல் அம்பேத்கர் தலைமையில் மக்கள் சவதார் குளத்தில் நீர் அருந்தினர். பின்னர் அவர்களைத் தாக்கியவரும், குளத்தைத் தீட்டுக் கழித்தவரும் ஊரார். அதே ஆண்டு டிசம்பர் 25இல் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டபோது அம்பேத்கரோடு நின்றவருள் ஒருவர் பிராமணரான கங்காதர் நீல்கண்ட சகஸ்ரபுத்தே. குளம் பற்றிய வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் இறுதித் தீர்ப்பு அளித்தது 1937இல்.

‘தீண்டாமை கடைப்பிடிக்கப்பட்டது’ என்று எழுதி நிறுத்தினால், கடைப்பிடித்தவர் எவர் என்பதைக் குழந்தை தானே ஊகித்துக்கொள்ளும். அவ்வூகம் ஒரு சாதி முழுவதையும் தழுவும். பெயர்களோடு கூறினால், ஒரே சாதியில் தாக்கியவரும் துணைநின்றவரும் இருந்தனர் என்பது விளங்கும். பகையை வளர்ப்பது பெயர் சொல்லாமைதான். பெயர்கள் வரும்போது, மனிதர் தெரிவு செய்யக்கூடியவர் என்ற உணர்வு பிறக்கிறது.

மொழிபெயர்ப்பாளரின் கடமை

இதுகாறும் கூறியவற்றால், சிறுவர்க்கான இவ்வரலாறுகளைப் பெயர்ப்போர் கருதவேண்டியவை சில பெறப்படுகின்றன. செயப்பாட்டுவினை வருமிடந்தோறும் செய்தவர் எவர் என்று மூலத்தில் தேடுதல், கிடைத்தால் எழுவாயாக்குதல். மக்களைச் செயப்படுபொருளாக மட்டும் நிறுத்தாமல், அவர்கள் கேட்டதும் நடந்ததும் எழுதியதும் வினைகளாக வருமாறு அமைத்தல். குழந்தைகள் அனைவர்க்கும் ஒரே விகுதி அளித்தல். முடியாத செயலுக்கு முடிந்த வினையைத் தராதிருத்தல். எல்லாவற்றுக்கும் மேலாக, எதிர்த்தரப்பின் வாதத்தை அவர்தம் சொல்லிலேயே ஒருமுறையேனும் கேட்கச் செய்தல். இவை அனைத்தும் எளிய நடையிலும் இயல்வன. ‘வீசப்பட்டன’ என்பதைவிட ‘எறிந்தார்கள்’ என்பதே எளியது.

வகுப்பறையில் இப்பாடங்களைப் படிப்போருள் ஒரு குழந்தை, ‘உயர்த்தப்பட்ட’ மக்களுள் தன் பாட்டனையும் காண்கிறது. அப்பாட்டன் எப்பொழுதும் இரண்டாம் வேற்றுமையிலேயே நிற்பதை அது நாளும் படிக்கிறது. அருகில் இருக்கும் மற்றொரு குழந்தை, தன் முன்னோர் அந்நிகழ்ச்சிகளில் இடம்பெறவே இல்லை என்று படிக்கிறது. ஒன்று நன்றிக்கடன் பட்டதாகவும் மற்றொன்று எதிலும் தொடர்பற்றதாகவும் வளர்கின்றன. ராயும் புலேயும் அம்பேத்கரும் எழுதியது இவ்விருவரும் ஒருவரோடொருவர் பேசவேண்டும் என்பதற்காகவே. அப்பேச்சைத் தமிழ்ப் பாடத்துக்கு மீட்டுத் தருவது மொழிபெயர்ப்பாளர் செய்யக்கூடிய பணி.